ஒரு சாண் சதுரம்

இரண்டு சாண் நீளமும் ஒரு சாண் அகலமும் உள்ள துணித் துண்டு ஒன்றை எடுத்துப் பாதியாக மடியுங்கள். ஒரு சாண் சதுரம் கிடைக்கிறது அல்லவா? இஸ்ரவேல் மக்களின் பிரதான ஆசாரியர் நெஞ்சின்மேல் அணிந்த மார்ப்பதக்கத்தின் அளவு இதுதான். பைபிளில் யாத்திராகமம் என்ற பகுதி அதை விவரிக்கிறது.

பதக்கம் என்றதும் தங்கத் தகடு என்று நினைத்துவிடாதீர்கள். பொன்னிழை, நீலம், ஊதா, சிவப்பு நூல்கள், மெல்லிய லினன் நூல் எல்லாம் சேர்ந்த துணி அது. திருப்பணிக்கு வேண்டிய நூலைத் தங்கள் கையாலேயே நூற்றுக் கொடுத்தவர்கள் பெண்கள் என்பதையும் யாத்திராகமம் மறவாமல் சொல்லுகிறது.

துணியின்மேல் 12 கற்கள். வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை. கல்லுக்கு ஒரு கோத்திரத்தின் பெயர். கோத்திரம் பெரிதானாலும் சிறிதானாலும் ஒரு கல்தான்!

இந்தச் சதுரம் பைபிளில் திரும்பத் திரும்ப வருகிறது. பாலைவனத்தில் அவர்கள் தூக்கிச் சென்ற ஆசரிப்புக் கூடாரத்தின் பலிபீடம் 5 முழத்துக்கு 5 முழம். தூபபீடம் 1 முழத்துக்கு 1 முழம். ஒரு முழம் என்பது சுமார் ஒன்றரை அடி.

ஏன் சதுரம்? பைபிள் காரணம் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பாளயம் இறங்கிய விதத்தைப் பாருங்கள். நடுவே கூடாரம்; கிழக்கே மூன்று கோத்திரம், தெற்கே மூன்று, மேற்கே மூன்று, வடக்கே மூன்று. மார்ப்பதக்கத்தின் கணக்கேதான்! நான்கு திசையில் இருப்பவர்க்கும் நடுவில் பங்கு உண்டு என்பதைச் சதுரத்தைவிட எளிதாக எந்த வடிவம் காட்ட முடியும்?

பிற்காலத்தில் சாலொமோன் மன்னர் எருசலேமில் ஆலயம் கட்டினார். அதன் உள்ளறை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 20 முழம். சதுரம் கனசதுரமாகிவிட்டது. ஆனால் கூடார காலத்திலிருந்தே அந்த உள்ளறைக்கு ஒரு விதி இருந்தது. பிரதான ஆசாரியர் ஒருவரே, ஆண்டில் ஒரே நாள், பாவ நிவிர்த்தி நாளன்று உள்ளே போகலாம். நூல் நூற்ற பெண்களும், கல்லில் பெயர் பெற்ற கோத்திரத்தாரும் எட்டிப் பார்க்கக்கூட வழியில்லை.

சாலொமோனின் ஆலயத்தைப் பாபிலோனியர் அழித்தார்கள். பிறகு எழுந்த ஆலயத்தைக் கி.பி. 70-ல் ரோமானியர் அழித்தார்கள். அந்த முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டதாகப் பெரும்பாலான அறிஞர்கள் கருதும் வெளிப்படுத்தின விசேஷம், புதிய எருசலேம் என்ற நகரத்தைக் கனவுபோல் வருணிக்கிறது. அதுவும் சதுரம். ஒவ்வொரு பக்கமும் 12,000 ஸ்தாதி, அதாவது சுமார் 2,200 கிலோமீட்டர். உயரமும் அவ்வளவே!

இவ்வளவு உயரமான ஊர் நிற்குமா என்று கணக்குப் போடாதீர்கள். ஆலயத்தின் உள்ளறைக்கு இருந்த வடிவம் இப்போது முழு நகரத்துக்கும் வந்திருக்கிறது; கவனிக்க வேண்டியது அதைத்தான். பக்கத்துக்கு மூன்றாக 12 வாசல்கள்; அவற்றின்மேல் 12 கோத்திரங்களின் பெயர்கள். தீமைக்கு அங்கே இடமில்லை. ஆனால் பிற தேசத்தாருக்கு இடம் உண்டு. உள்ளே தனியாக ஓர் ஆலயமும் கிடையாது.

ஒருவர் மட்டும், அதுவும் ஆண்டுக்கு ஒரு நாள், நுழைந்த அறை ஜனங்கள் குடியிருக்கும் ஊராகிவிட்டது. அதன் வாசல்களை அடைப்பதே இல்லையாம்!