மருத்துவச் சான்று போக வேண்டிய இடம் இரண்டு

ஜவளகிரியில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்ஸுக்கு ஆட்கள் வந்து நின்றுவிடுகிறார்கள். ஓசூர் சிப்காட்டுக்கு ஒரு கூட்டம், எல்லை தாண்டி ஆனேக்கல், அத்திப்பள்ளி பக்கம் இன்னொரு கூட்டம். இவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன நடக்கிறது? சூப்பர்வைசருக்குப் போன் போடுகிறார். “சரி, ரெஸ்ட் எடு” என்று பதில் வருகிறது. தளியிலோ தேன்கனிக்கோட்டையிலோ ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் படுக்கிறார். பத்து நாள் கழித்துப் போய் கேட்டில் கார்டைத் தேய்த்தால் கதவு திறக்கவில்லை. “உன்னை யாரும் நிறுத்தல, நீயேதான் நின்னுட்ட” என்கிறார்கள்.

அப்படிச் சொல்வதற்குப் பின்னால் பெரிய சட்டக் கதை ஒன்று இருக்கிறது.

சென்னை பெரம்பூரில் இருந்த பக்கிங்காம் கர்நாடிக் மில்லின் நிலையாணையில், அதாவது வேலை விதிமுறைகளில், ஒரு விதி இருந்தது. எட்டு வேலைநாள் தொடர்ந்து சொல்லாமல் வராதவர், தானாகவே வேலையை விட்டவராகக் கருதப்படுவார். 1957இல் லீவில் போன ஒரு தொழிலாளி உடம்பு முடியாமல் குறித்த நாளில் திரும்பவில்லை. மருத்துவச் சான்று வைத்திருந்தார். அதை இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் ஏற்று, நோய்க்காலப் பணமும் கொடுத்தது. மில் நிர்வாகம் ஏற்கவில்லை, பெயரை நீக்கிவிட்டது.

நோய்க்காலப் பணம் பெறும் நாட்களில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்றது 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம், 73ஆவது பிரிவு. அந்தக் காலத்தில் கொடுக்கும் நீக்க நோட்டீஸும் செல்லாது. இதை நம்பித்தான் அவர் வழக்காடினார். ஆனால் 1963இல் உச்ச நீதிமன்றம் மில்லின் பக்கம் தீர்ப்பளித்தது. முதலாளி தண்டிப்பதைத்தான் அந்தப் பிரிவு தடுக்கிறது, நிலையாணைப்படி வேலை தானாக முடிவது வேறு என்றது. எனக்கு இது மனம் ஒப்பாத தீர்ப்பு. நோயாளி என்று ஓர் அரசு அமைப்பு ஏற்றுக்கொண்ட மனிதரை, வேலையை விட்டுப் போனவர் என்று எப்படிச் சொல்வது?

முப்பது ஆண்டு கழித்து நிலைமை மாறியது. டி.கே. யாதவ் என்ற தொழிலாளியின் வழக்கில் 1993இல் அதே நீதிமன்றம், நிலையாணையில் என்ன எழுதியிருந்தாலும் விசாரணை வைக்காமல், விளக்கம் கேட்காமல் பெயரை அடிக்க முடியாது என்றது. பாதிச் சம்பளப் பாக்கியோடு அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னது. 2012இல் ஓர் அரசு ஊழியரின் வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: வராமல் இருந்தது வேண்டுமென்றே என்று நிரூபிக்க வேண்டும், நோய், விபத்து போன்ற தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் அது ஒழுங்கீனம் ஆகாது.

ஆகவே இன்று கேட்டில் நிறுத்தப்படுபவருக்கு வாதாட இடம் இருக்கிறது. ஆனாலும் பெரம்பூர் தொழிலாளிக்கு நேர்ந்தது இன்றும் நேரலாம். இ.எஸ்.ஐ. பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது என்பதற்காகக் கம்பெனி லீவு கொடுத்துவிட்டது என்று பொருள் இல்லை. இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று கிளை அலுவலகத்துக்குப் போக வேண்டும், அதன் நகல் அன்றைக்கே கம்பெனிக்கும் போக வேண்டும். சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னது நாளைக்குச் சாட்சியாக நிற்காது. எச்.ஆருக்கு வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ சான்றின் போட்டோவோடு இரண்டு வரி அனுப்பினால் தேதியும் நேரமும் அதிலேயே பதிந்துவிடும். பதில் வராவிட்டால் ஸ்பீட் போஸ்ட். தனியார் டாக்டரிடம் போனவர்கள் ஏன் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போக முடியவில்லை என்ற காரணத்தையும் எழுத வேண்டும். கழகம் திருப்தி அடைந்தால்தான் அந்தச் சான்றை ஏற்கும்.

பணக் கணக்கு இப்படி. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சந்தாவில் தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25. ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், சராசரி நாட்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நாளுக்கு 500 ரூபாய் வாங்குபவருக்கு 350. பொதுவாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் வராது. காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை நீளும்.

கான்ட்ராக்ட் ஆட்கள் தங்களுக்கு இதெல்லாம் இல்லை என்று நினைக்கிறார்கள். அது தவறு. கான்ட்ராக்டர் கட்டத் தவறினாலும் சந்தாவுக்கு முதன்மை நிறுவனமே பொறுப்பு. ஆனேக்கலில் வேலை, ஜவளகிரியில் வீடு என்றாலும் கவலை இல்லை, இ.எஸ்.ஐ. மத்தியச் சட்டம், எல்லையைக் கடந்தாலும் உங்கள் பத்து இலக்க இ.எஸ்.ஐ. எண் செல்லும்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததால், இ.எஸ்.ஐ. சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. மனு எழுதுபவர் பழைய பிரிவு எண்ணை அப்படியே போடாமல், நீக்கிய தேதிக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று சங்கத்திலோ வக்கீலிடமோ கேட்டு எழுதுவது நல்லது. நீக்கத்தை எதிர்த்து மனுச் செய்யும் காலக்கெடுவும் சுருங்கியிருக்கிறது. முன்பு மூன்று ஆண்டு இருந்தது, இப்போது இரண்டு. கார்டு வேலை செய்யாத அன்றைக்கே, எந்தத் தேதியில் எந்த கேட்டில் யார் திருப்பி அனுப்பினார் என்று எழுதி எச்.ஆருக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, அடுத்ததாகத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுவைக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.