வானத்தில் அமர்ந்திருந்தவர்

இயேசுவை 'ஆண்டவர்' எனத் தொழும் வழக்கம் கிரேக்கச் சூழலில் வாழ்ந்த புறவினத்துச் சபைகளில் உருவானதென வில்ஹெல்ம் பூசெட் 1913இல் வாதிட்டார். யூத மறைஞான நூல்களைப் பயிலுவோர் இம்முடிவை எளிதில் ஏற்றல் இயலாது.

எசேக்கியேல் கண்ட தேவ இரதத்தைத் தியானித்து, வான மண்டலங்களுக்கு ஏற விழைந்த நெறி 'மெர்க்காபா' எனப்படும். தானே உய்த்துணரும் ஞானியல்லாதவன் ஒருவனுக்குத் தனிமையிலுங்கூட இதனைப் போதித்தலாகாது என மிஷ்னா தடுக்கிறது (ஹகிகா 2:1). இல்லாத ஒன்றை எவரும் தடைசெய்வதில்லை.

நால்வர் 'பர்தேஸ்' என்னும் சோலைக்குள் புகுந்தனர் என்பது ரபீமார் மரபு. பென் அசாய் மாண்டார். பென் சோமா மதிகலங்கினார். எலிசா பென் அபூயா நெறிபிறழ்ந்தார். அக்கிபா மட்டுமே நலமாக வெளிவந்தார். பவுல் எடுத்துக்கொள்ளப்பட்ட 'பரதீசு' (2 கொரி. 12:4) இதே சொல்லே. கெர்ஷோம் ஷோலெம் 1960இல் இரண்டையும் இணைத்தார். பீட்டர் ஷேஃபர் 1984இல் அதனை மறுத்தார். ஒரு சொல்லின்மேல் இத்துணைப் பாரத்தை ஏற்றுதல் தகாது என்பதே நம் கருத்து.

எலிசாவின் வீழ்ச்சியோ ஆழ்ந்த ஆராய்ச்சிக்குரியது. வானத்தில் ஒருவரும் அமர்வதில்லை என அவர் கற்றிருந்தார். ஆனால் மெத்தத்ரோன் என்னும் தூதன் அமர்ந்திருக்கக் கண்டு, வானத்தில் இரு வல்லமைகள் உண்டோ என மயங்கினார். உடனே அத்தூதனுக்கு அறுபது அக்கினி அடிகள் கொடுக்கப்பட்டன (ஹகிகா 15அ). அவனும் ஊழியனே என்பது அதன் பொருள். திருச்சபையோ சங்கீதம் 110:1ஐக் கொண்டு, உன்னதத்தில் ஒருவர் வீற்றிருக்கிறார் என்று அச்சமின்றி அறிக்கையிட்டது (எபி. 1:3).

எனினும் காலவரிசையை மறத்தல் கூடாது. பாபிலோனியத் தல்மூத் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டில் நிறைவுற்றது. அது புதிய ஏற்பாட்டிற்கு மூலமாதல் இயலாது. ஆயினும் கும்ரானிலும் மசாதாவிலும் கிடைத்து, கரோல் நியூசம் 1985இல் பதிப்பித்த ஓய்வுநாட் பலிப் பாடல்கள் தேவ இரதத்தைப் போற்றுகின்றன. ஆகவே இச்சிந்தனை பவுலுக்கு முன்னரே யூதரிடையே வழங்கியது தெளிவு. 'இரு வல்லமைகள்' என்னும் கொள்கையை ரபீமார் எதிர்த்த வரலாற்றை ஆலன் சீகல் 1977இல் விரித்துரைத்தார்.

தேவநாமத்தைத் தன்னுள் தாங்கிய தூதன் (யாத். 23:21) மெத்தத்ரோனே என்றால் அவனைத் தொழலாமே எனக் கொள்கை மாறுபட்டோன் ஒருவன் ரபீ ஒருவரிடம் வினவியதாகத் தல்மூத்தின் சன்ஹெத்ரின் பகுதி கூறுகிறது. ரபீ மறுத்துவிட்டார். எல்லா நாமத்திற்கும் மேலான நாமத்தைப் பெற்றவருக்கு முழங்கால் யாவும் முடங்கும் எனப் பவுல் எழுதியது (பிலி. 2:9-10) அதே வினாவிற்கு மற்றொரு யூதன் அளித்த விடையாகும்.