வந்து போகிறவர்கள் யார்?

மாநிலத்தைப் பிரி என்று ஒரு குரல். பிரிக்காதே என்று இன்னொரு குரல். இரண்டுக்கும் நடுவிலே தோட்டத்துப் பாட்டாளி எங்கே நிற்கிறான்? இந்த வாரம் இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

இந்தக் கேள்வி நமக்குக் கிடைத்த இடம் ஈசூன். சிங்கப்பூரின் வடக்கே இருக்கும் அந்த வட்டாரத்தில் நமது பெரியப்பா இருக்கிறார். வயது எண்பத்தேழு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜொகூரிலிருந்து பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போயிருந்தோம். அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே உள்ள கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து மேசையில் சூடான விவாதம். ஊரிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு இளைஞர்கள். ஒருவர் பொள்ளாச்சிப் பக்கம். மற்றவர் மூணாறு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்.

"கொங்கு நாடு தனியா வந்தாத்தானுங்கண்ணா எங்களுக்கு விடிவு. நாங்க கட்டற வரியெல்லாம் மெட்ராசுக்கே போயிடுது" என்றார் பொள்ளாச்சித் தம்பி.

மூணாறுத் தம்பி சிரித்தார். "கோடு போடறதைப் பத்தி எங்க ஆளுங்களைக் கேளுங்க. எங்க தாத்தா லயத்தை விட்டு எங்கயும் போகல. கோடுதான் அவரைத் தாண்டிப் போச்சு."

பேச்சு நம்மைச் சுண்டி இழுத்தது. நாமும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

துண்டாடல் நமக்குப் புதிதா?

நம்முடைய தோட்டத்து வாசகர்களுக்குத் 'துண்டாடல்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மலாயா சுதந்திரம் அடைந்த காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பல் ஏறின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். நிலத்துக்கு விலை இருந்தது, மரத்துக்கு விலை இருந்தது. லயத்தில் இருந்தவனுக்கு மட்டும் கணக்கு இல்லை. செக்ரோலில் பெயர் போயிற்று. பிறகு வீடும் போயிற்று. அந்த வேதனையில்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நம் மக்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள்.

மாநிலத்தைப் பிரிப்பது பெரிய சமாசாரம். சட்டம், சபை, கொடி, தலைநகரம் என்று பேச்சு நடக்கும். ஆனால் லயத்து வாசலில் நின்று பார்த்தால் அங்கேயும் கேள்வி ஒன்றுதான். துண்டு போடுகிறவன் நம்மைக் கணக்கில் எடுத்தானா?

தேவிகுளம் சொல்லும் கதை

இந்தியாவில் மொழிவாரி மாநிலங்களை அமைக்க 1953இல் ஒரு கமிஷன் போட்டார்கள். அதன் தலைவர் பசல் அலி. அப்போது மூணாறு மலையெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தென் திருவிதாங்கூர்த் தமிழர்கள் தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிக்கொண்டிருந்தது. அதன் தலைவர் மார்ஷல் நேசமணி. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றோடு தேவிகுளம், பீர்மேடு என்ற இரண்டு மலைத் தாலுகாக்களையும் கேட்டார்கள். அந்த இரண்டிலும் தேயிலையும் ஏலக்காயும் விளைவித்தவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பாட்டாளிகள்.

1954இல் தேவிகுளத்துக்கே போய் நேசமணி கைதானார். அதே ஆண்டு ஆகஸ்டு 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின.

1955 செப்டம்பரில் கமிஷன் அறிக்கை வந்தது. தெற்கே உள்ள தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு. தேவிகுளத்தில் தமிழர்தான் அதிகம் என்பது தெரியாமலா? தெரியும். ஆனால் அவர்கள் தோட்டத்துக் கூலிகள், பிழைக்க வந்தவர்கள், நிலையாக இருப்பவர்கள் அல்லர், ஆகவே அவர்கள் தலையை எண்ணி மண்ணின் உரிமையைத் தீர்மானிக்க முடியாது என்ற வாதம் எடுபட்டது.

வாசகர்களே, இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். காட்டை வெட்டியவன், செடி நட்டவன், மலேரியாவில் செத்தவன், அந்த மலையிலேயே மூன்று தலைமுறை பெற்றுப் போட்டவன் 'வந்து போகிறவன்'! அந்த மலையில் தேயிலை இருந்தது. பள்ளிவாசலில் 1940 முதல் மின்சாரம் எடுத்தார்கள். 1895இல் கட்டிய முல்லைப் பெரியாறு அணை பீர்மேட்டில் இருந்தது. தேயிலைக்கும் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் வழக்காட ஆள் இருந்தார்கள். லயத்துக்கு?

1956 நவம்பர் 1ஆம் தேதி கோடு விழுந்தது. கன்னியாகுமரி தமிழ்நாட்டுக்கு வந்தது, மகிழ்ச்சி. மூணாறுத் தம்பியின் தாத்தா அன்று காலையிலும் பிரட்டுக்குப் போனார். அதே கங்காணி, அதே கூடை, அதே கூலி. மாநிலம் மட்டும் வேறு.

கதை அதோடு முடியவில்லை. 1957இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்டு ஆட்சி அமைந்தது. சபையில் பெரும்பான்மை நூலிழைதான். தேவிகுளம் தேர்தல் செல்லாது என்று ஆகி, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. ஆட்சியே ஊசி முனையில் நிற்கிறது. இரண்டு பக்கத்துத் தலைவர்களும் மலை ஏறினார்கள். தமிழ்த் தொழிலாளர்களிடம் ஓட்டுக் கேட்கப் பாவலர் வரதராசன் பாட்டுக் கச்சேரியோடு போனார். ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். மூன்று வருஷத்துக்கு முன்னே கணக்கில் சேராத தலைகள்தான் அன்றைக்கு ஓர் ஆட்சியின் பெரும்பான்மைக்கு முட்டுக் கொடுத்தன! கோடு போடும்போது வந்து போகிறவன். ஓட்டுக்கு மட்டும் மண்ணின் மைந்தன்.

அதற்குப் பிறகு லயம் மாறியதா? 2015 செப்டம்பரில் மூணாறுப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் சாலையில் உட்கார்ந்தார்கள். இருபது சதவீதம் போனஸ், ஐந்நூறு ரூபாய் நாட்கூலி என்பது அவர்கள் கோரிக்கை. அப்போது கூலி 232 ரூபாய். போனசை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். கூலி அவர்கள் கேட்டபடி கிடைக்கவில்லை. ஒரு சங்கதியை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்தப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. சங்க வேலை பார்க்கும் நமக்கு அது கன்னத்தில் விழுந்த அறை. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். அவர்களில் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. உயிரும் உடலும் மலையில். சொந்தபந்தம் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

பெரியப்பாவின் பாகம்

அதுவரை பேசாமல் இருந்த பெரியப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அதென்னடா, நம்ம வீட்டுக் கதையைச் சொல்ல மாட்டியா?"

ஈசூன் என்ற பெயரே லிம் நீ சூன் என்ற சீன முதலாளியின் பெயர்தான். ரப்பரும் அன்னாசியும் போட்டுப் பெரும் பணக்காரரானவர். அந்த வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் பால் மரம். நமது பெரியப்பா இளவயதில் ஜொகூரிலிருந்து பாலத்தைத் தாண்டி வந்து இங்கே மரம் வெட்டினார். பிறகு செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நமது அப்பா அக்கரையிலேயே தங்கிவிட்டார். அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். அன்றைக்கு அது ஒரே நாடு. 1963இல் மலேசியா அமைந்தபோது சிங்கப்பூரும் அதில் ஒரு மாநிலம்.

1965 ஆகஸ்டு 9ஆம் தேதி சிங்கப்பூர் பிரிந்தது.

"ரேடியோவுல சொன்னான். சீனன் கடையில பட்டாசு வெடிச்சாங்க. நான் வேலைக்குப் போயிட்டேன். அப்பாவுக்கு உடம்பு முடியலேன்னு பின்னாடி தகவல் வந்தப்பதான் உறைச்சது. பாலத்துல காகிதம் கேட்டான்" என்றார் பெரியப்பா. 1967இல் பாலத்தில் பாஸ்போர்ட் சோதனை வந்தது. தாத்தாவிடம் இருந்தது சிவப்பு ஐ.சி. நாற்பது வருஷம் பால் எடுத்த மனுஷன் எந்த நாட்டுக்கும் பிரஜை இல்லை. 1969க்குப் பிறகு பிரஜை அல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்தபோது ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். தாத்தா ஏறவில்லை. சிவப்பு ஐ.சி.யோடு அதே லயத்தில் கண்ணை மூடினார். பெரியப்பா வந்து சேர்ந்தது மூன்றாம் நாள்.

சிங்கப்பூர் பிரிந்தது சரியா, தப்பா என்று நாம் இங்கே பஞ்சாயத்துப் பேசவில்லை. பிரிந்து நன்றாக வாழ்கிறார்கள், சந்தோஷம். ஆனால் பிரித்த நாளில் தாத்தாவைப் போன்றவர்களின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

பிரிக்கிறவர்களிடம் கேட்க வேண்டியது

ஆக, பொள்ளாச்சித் தம்பிக்கு நாம் என்ன சொன்னோம்? கொங்கு நாட்டுப் பேச்சு 2021 ஜூலையில் ஒரு மத்திய மந்திரியின் குறிப்பில் அந்தப் பெயர் வந்ததிலிருந்து சூடு பிடித்தது. அப்படி ஒரு யோசனை தன்னிடம் இல்லை என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. இருந்தாலும் பேச்சு ஓயவில்லை. வட்டாரம் புறக்கணிக்கப்படுகிறது என்ற மனக்குறையைச் சும்மா தள்ளிவிட முடியாது. 2014 ஜூன் 2ஆம் தேதி தெலங்கானா பிறந்ததும் அப்படிப்பட்ட குறையிலிருந்துதான்.

ஆனால் தெலங்கானா இன்னொரு பாடமும் சொல்கிறது. இந்திய அரசியல் சட்டத்தின் 3ஆவது பிரிவின்படி மாநிலத்தைப் பிரிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு. மாநிலச் சபையின் கருத்தைக் கேட்பார்கள். அதன்படி நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆந்திரச் சபை மசோதாவை நிராகரித்தது; மாநிலம் பிரிந்தது. ஒரு சட்டசபையின் சொல்லுக்கே அவ்வளவுதான் எடை என்றால் வால்பாறை லயத்தின் சொல்லுக்கு எவ்வளவு?

இலங்கையிலும் இதே கதைதான். 1976இல் வட்டுக்கோட்டையில் வடக்கு கிழக்குக்குத் தனிநாடு கேட்டுத் தீர்மானம் போட்டபோது தொண்டமான் அதில் சேராமல் விலகி நின்றார். அவருடைய மக்கள் இருந்தது நடு மலையில். கோடு விழுந்தால் அவர்கள் வெளியே.

"தம்பி, மாநிலம் கேளுங்கள், வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஆனால் முதலில் நாலு கேள்விக்குப் பதில் வாங்குங்கள்" என்றோம். வால்பாறையிலும் நீலகிரியிலும் இருக்கும் தோட்டத் தொழிலாளிக்கு அங்கே நிலையான குடியுரிமை என்று எழுதுவார்களா? இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் யார் கைக்குப் போகும்? வேலை ஓய்ந்தபின் இருக்க வீடு உண்டா? கூலியை எந்தச் சபை பேசும்? பதில் இல்லாத வரைபடம் வெறும் காகிதம்.

தம்பி கோப்பியை மடக்கென்று குடித்தார். "எங்கூர்லயும் பஞ்சாலைக்கு வடக்கத்திக்காரங்க வந்திருக்காங்க. அவங்களையும் கணக்குல சேக்கச் சொல்றீங்களாண்ணா?"

நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வி நம்மையும் குத்தியது. இன்றைக்கு நமது தோட்டங்களில் பால் எடுப்பதும் குலை வெட்டுவதும் இந்தோனேசியத் தோழனும் வங்காள தேசத்துத் தோழனும். போன வருஷம் நமது கிளைக் கூட்டத்தில் அவர்களைச் சங்கத்தில் சேர்ப்பது பற்றிப் பேச்சு வந்தது. "அவங்க வந்து போறவங்க, நமக்கு எதுக்கு?" என்றார் ஒருவர். கூட்டம் தலையாட்டியது. நாமும் தலையாட்டினோம். பசல் அலி கமிஷனில் எடுபட்ட அதே வாதம், நமது வாயிலிருந்து!

சாயந்தரம் பாலத்தைத் தாண்டும்போது பெரியப்பா தாத்தாவைப் பற்றிச் சொன்னதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த கிளைக் கூட்டத்தில் அந்தப் பேச்சை நாமே மறுபடி எடுக்கப் போகிறோம். தோழர்களே, உங்கள் தோட்டத்திலும் எடுங்கள். கோடு போடுகிறவர்கள் நம்மை எண்ணவில்லை என்று குறை சொல்லும் வாய், பக்கத்து லயத்தில் இருப்பவனை முதலில் எண்ணிப் பழகட்டும்.