85 லட்சம் கம்ப்யூட்டர்கள் திடீர் என்று நின்றன!
ஒரு சின்னப் பைல் செய்த வேலை

2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி. வெள்ளிக்கிழமை.

சென்னை விமான நிலையத்தில் பயணிகள் நீண்ட வரிசையில் நின்றார்கள். கம்ப்யூட்டர்கள் வேலை செய்யவில்லை. ஊழியர்கள் பேனாவை எடுத்தார்கள். விமானம் ஏறும் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்!

சென்னையில் மட்டும் அல்ல. உலகம் எங்கும் இதே கதை. பாங்கிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலை தடைப்பட்டது. 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நின்றுவிட்டன என்று மைக்ரோசாப்ட் கம்பெனி கணக்கிட்டது.

எதிரிகளின் சதியா? இல்லை. ஒரு சின்னப் பைலில் இருந்த பிழை!

துபாஷியின் தவறு

கம்ப்யூட்டருக்குள் "டிரைவர்" என்று ஒன்று உண்டு. பஸ் ஓட்டும் டிரைவர் அல்ல. இது ஒரு புரோகிராம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தார். ஒருவர் பேச்சை மற்றவருக்குப் புரியவைப்பது துபாஷியின் வேலை. டிரைவரும் அப்படித்தான். பிரிண்டருக்கும் விண்டோசுக்கும் நடுவே நின்று பேசும்.

துபாஷியைப்போல, டிரைவருக்கும் அரண்மனையின் உள் அறைவரை போக அனுமதி உண்டு. அங்கே அது தவறு செய்தால் கம்ப்யூட்டர் முழுவதும் நின்றுவிடும். திரை நீல நிறமாகும். புதிய விண்டோஸ் 11-ல் கறுப்பாகும்.

அமெரிக்காவின் "கிரவுட்ஸ்டிரைக்" கம்பெனி, கம்ப்யூட்டர்களுக்குக் காவல் புரோகிராம் தருகிறது. அதுவும் உள் அறையில் டிரைவராக வேலை செய்வது. அன்று காலை அதற்கு ஒரு புதிய பைல் போயிற்று. அது 21-வது விவரத்தைப் பார்க்கச் சொன்னது. கையில் இருந்ததோ 20 விவரங்கள்தான்! இல்லாத இடத்தைப் படிக்கப் போய்க் கம்ப்யூட்டர் விழுந்தது.

78 நிமிடங்களில் தவறு திருத்தப்பட்டது. ஆனால், விழுந்த கம்ப்யூட்டர்களில் பலவற்றை ஆட்கள் ஒவ்வொன்றாகத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது. "சேப் மோடு" முறையில் திறந்து, அந்த ஒரு பைலை நீக்கினார்கள். கம்ப்யூட்டர் பிழைத்துக்கொண்டது!

வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதே வைத்தியம்

உங்கள் கம்ப்யூட்டர் அடிக்கடி தானாக நிற்கிறதா? பழசாகிவிட்டது என்று உடனே தள்ளிவிடாதீர்கள். முதலில் படங்கள், கடைக் கணக்கு, சர்டிபிகேட்டுகள் எல்லாவற்றையும் வேறு இடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கம்ப்யூட்டரை வாங்கலாம். போன படத்தை வாங்க முடியாது.

பிறகு ஒரு நோட்டை எடுங்கள். எப்போது நின்றது? அப்போது என்ன வேலை நடந்தது? திரையில் என்ன எழுத்து வந்தது? எல்லாவற்றையும் எழுதுங்கள். நாலு நாளில் நோய் தெரிந்துவிடும்.

புதிய பிரிண்டரை மாட்டிய பிறகு தொல்லை வந்ததா? டிரைவர்மீது சந்தேகப்படலாம். சேப் மோடில் திறந்து பாருங்கள். அதில் நிற்காமல் ஓடினால் சந்தேகம் பலமாகிறது. "டிவைஸ் மானேஜர்" பகுதியில் பழைய டிரைவருக்குத் திரும்ப வழி இருக்கிறது.

சேப் மோடிலும் நிற்கிறதா? ஏதோ உறுப்பில் கோளாறு இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழை எழுத்து வந்தால், "ராம்" என்னும் நினைவுத் தகட்டைச் சோதிக்க வேண்டும். அதற்கு விண்டோசிலேயே சோதனைப் புரோகிராம் உண்டு. இரண்டு தகடுகள் இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஒன்றைக் கழற்றி, மற்றதை மட்டும் வைத்து ஓட்டிப் பார்க்கலாம்.

எந்த எழுத்தும் வராமல் பட்டென்று அணைகிறதா? சூடு காரணமாக இருக்கலாம். அல்லது மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி பழுதாகியிருக்கலாம்.

வெயிலும் புழுதியும்

சீயமங்கலம், செஞ்சி வட்டாரம் பாறைக் குன்றுகள் நிறைந்தது. கோடையில் அனல் வீசும். தெருப் புழுதி கம்ப்யூட்டரின் விசிறியில் படிந்து காற்றை அடைக்கும். உள்ளே சூடு ஏறும். சூடு மிஞ்சினால், எரிந்துபோகாமல் தப்பிக்கக் கம்ப்யூட்டர் தானே அணைந்துகொள்ளும். இதற்குச் செலவு இல்லாத வைத்தியம் உண்டு. மூடியைத் திறந்து, மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். ஆளையே அடித்துவிடும்!

ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். டிரைவரை மாற்றி, தகட்டையும் மாற்றி, தூசியையும் தட்டினால், எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போகும். நாளைக்கு நோய் திரும்பி வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

ரிப்பேர் கடைக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம். உங்களுக்கு வீண் செலவு மிச்சம்!