பனி என்ற ஒரு சொல்

தொழுகையின் ஆரம்பத்தில் ஓதும் துஆக்களில் ஒன்று, அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவித்தது. தண்ணீராலும் தல்ஜாலும் பரதாலும் பாவங்களைக் கழுவிவிடும்படி அல்லாஹ்விடம் கேட்பது. பல வருடங்களாக இதைப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும்போது, ‘தல்ஜ் என்றால் பனி, பரத் என்றால் ஆலங்கட்டி’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். ஒரு தை மாதம் ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்: “பனியால என்னத்தக் கழுவுற மௌலவி? அது கால் நனையத்தானே காணும்?”

பிள்ளையின் கேள்வியில் பிழையில்லை. பிழை என் மொழிபெயர்ப்பில். மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்த நமக்குப் பனி என்றால் ஸுபஹு நேரத்தில் புல்லில் நிற்கும் துளிதான். ‘பனி பிடிக்கும், தலைய மூடு’ என்று உம்மாமார் சொல்வதும் அதைத்தான். அது வெறும் தண்ணீர். இங்கே 20 பாகைக்குக் கீழே குளிர் போவதே அரிது. பிறகு எங்கே உறைவது?

சகோதரிகளே, வீட்டில் பழைய மாதிரிப் பிரிட்ஜ் இருந்தால் அதன் பிரீசரைத் திறந்து பாருங்கள். கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் நம் ஈரக்காற்று உள்ளே போகிறது. அதிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரில் பட்டதும், தண்ணீராக மாறாமலே நேரடியாகக் கட்டியாகி வெள்ளையாய்ப் படர்கிறது. இதுதான் உறைபனி. அரபு நாடுகளில் வேலை செய்து வந்தவர்களுக்குப் பிரிட்ஜை அங்கே ‘தல்லாஜா’ என்பார்கள் என்று தெரியும். தல்ஜிலிருந்து பிறந்த சொல். ஆனால் அந்தச் சுவரில் இருப்பது துஆவில் வரும் தல்ஜ் அல்ல!

தல்ஜ் என்பது வெண்பனி. அதுவும் நீராவி நேரே உறைந்து உண்டாவதுதான். இரண்டும் இந்த வகையில் ஒரு தாய்ப் பிள்ளைகள். பிறக்கும் இடம்தான் வேறு. வெண்பனி மேகத்துக்குள் ஒரு சிறு தூசைச் சுற்றி, ஆறு கை கொண்ட படிகமாக வளர்ந்து, பாரம் கூடியதும் கீழே இறங்குகிறது. உறைபனிக்கோ மேகம் ஆகாது. மேகம் நிலத்துக்குப் போர்வை. அது இல்லாத, காற்றும் அசையாத இரவில்தான் நிலம் தன் சூட்டையெல்லாம் விட்டுவிட்டு விறைத்துப் போகிறது.

இலங்கையில் வெண்பனி கிடையாது. உறைபனி நுவரெலியாவில் விழுகிறது. ‘விழுகிறது’ என்று எழுதிவிட்டேன், பாருங்கள்! அது விழுவதில்லை, இருக்கும் இடத்திலேயே உண்டாகிறது. சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்த ஊரில் தை, மாசி விடியல்களில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். ‘துகள் உறைபனி’ என்று பத்திரிகைகள் எழுதும். வெப்பமானி 3, 4 பாகை காட்டும்போதே இது நடந்துவிடும். ஏனென்றால் வெப்பமானி நிலத்துக்கு மேலே மார்பளவு உயரத்தில் இருக்கிறது. புல்லோ 0 பாகைக்குக் கீழே இறங்கிவிட்டது.

பார்க்கப் போனவர்கள் படம் எடுக்கிறார்கள். தேயிலைக்கு அது நெருப்பு. கொழுந்துக்குள் இருக்கும் நீர் உறைந்து கலங்கள் சிதைகின்றன. வெயில் ஏறியதும் கொழுந்து பொசுங்கினாற்போல் கறுத்துவிடும். மறுபடி துளிர்க்கும் வரை அந்தச் செடியில் பறிக்க ஒன்றுமில்லை. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துச் சம்பளம் பெறும் பெண்களுக்கு அந்த நாட்கள் எப்படிப் போகும் என்று, நாம் காலையில் பிளேன்டீ குடிக்கும்போது நினைப்பதில்லை.

வெண்பனி இதற்கு நேர்மாறு. அதற்குள் காற்று நிறைய அடைபட்டிருப்பதால் குளிர் நாடுகளில் கோதுமைப் பயிரைப் பஞ்சு மெத்தை போல மூடிக் காக்கிறது. உருகினால் ஆற்றுக்கே நீர் கொடுக்கும். அரேபியாவுக்கும் அது அந்நியமல்ல. தபூக் பக்கத்து ஜபலுல் லவ்ஸ் மலையில் சில குளிர்காலங்களில் இன்றும் இறங்குகிறது. உருகிய வெண்பனியால் வுழூச் செய்யலாம். ஆனால் கழுவ வேண்டிய உறுப்பில் நீர் ஓட வேண்டும் என்பது நமது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். உறைபனி உருகினாலும் அதே தண்ணீர்தான், அதே சட்டம்தான். ஒரு கை அள்ளுவதுதான் பாடு.

அந்தச் சிறுமியின் கொப்பியில் ‘பனி’யை வெட்டி, ‘மேகத்திலிருந்து இறங்கும் வெண்பனி’ என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அவள் பிரீசர் சுவரில் சுரண்டியதை ஒரு பீங்கானில் மூடிக்கொண்டு வந்தாள். திறந்து பார்த்தால் தண்ணீர்.