ஈமக் கலங்களில் விலங்குருவங்கள்: ஆதிச்சநல்லூர் வெண்கலங்கள் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

குத்துவிளக்கின் உச்சியில் அன்னம் வீற்றிருப்பது நமக்கு மிகப் பழகிய காட்சி. கொச்சிக்கடை போன்ற இடங்களின் கோயில்களிலும் இல்லங்களிலும் அதனை அன்றாடம் காண்கிறோம். சடங்குக் கலத்தில் விலங்கையோ பறவையையோ அமைக்கும் இவ்வழக்கம் தமிழ்நாட்டில் மிகத் தொன்மையானது. அதற்குரிய வலுவான சான்று, தாமிரபரணியின் தென்கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டிலே கிடைத்த வெண்கலப் பொருள்களாகும்.

1876இல் ஜெர்மானியரான யாகர் இங்கு அகழ்ந்து, கிடைத்தவற்றைப் பேர்லினுக்கு எடுத்துச் சென்றார். 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் றீ விரிவான அகழ்வை நடத்தினார். அவர் கண்டெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. இவ்விடத்து இரு மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 எனக் கரிமக் கணிப்பு வாயிலாக 2019இல் தெரியவந்தது.

வெண்கல மூடிகளிலும் தாங்கிகளிலும் எருமை, ஆடு, சேவல் ஆகிய வளர்ப்புயிர்களும், புலி, மான், யானை ஆகிய காட்டுவிலங்குகளும், பறக்கும் பறவைகளும் இடம்பெறுகின்றன. இவை அனைத்தும் அம்மக்கள் கண்ணால் கண்ட உயிர்கள். தாழிகளோடு வைக்கப்பட்ட பானைகளிலே நெல், தினை வகைகளின் உமியும் காணப்பட்டது. உழவும் மேய்ச்சலும் வேட்டையும் கலந்த வாழ்க்கையே இறந்தோருக்கான கலங்களில் உருப்பெற்றது எனலாம்.

இதனைச் சீனத்துச் சாங் அரசமரபின் கலங்களோடு ஒப்பிடுவது பயனுடையது. கி.மு. 1046 அளவில் வீழ்ந்த அம்மரபினர், முன்னோர்க்கு உணவும் மதுவும் படைக்கும் வெண்கலக் கலங்களைக் களிமண் அச்சுத் துண்டுகளைப் பொருத்தி வார்த்தனர். அவற்றில் மேலோங்கி நிற்பது ‘தாவோதியே’ என்னும் முகம். உருண்ட கண்களும் கொம்புகளும் தாடையும் அதற்கு உண்டு. ஆயினும் எந்தக் காட்டிலும் அத்தகைய விலங்கைக் காணவியலாது. 1939இல் அன்யாங்கில் வெளிப்பட்ட கலமொன்று 832 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுடையது. 1976இல் அகழப்பட்ட ஃபூ ஹாவோ அரசியின் கல்லறையில் 468 வெண்கலப் பொருள்கள் இருந்தன. அவற்றுள் சடங்குக் கலங்களோடு போர்க்கருவிகளும் அடங்கும்.

வேறுபாட்டின் அடிப்படை இங்கேதான் புலப்படுகிறது. சாங் சமூகத்தில் வேள்விக்கும் போருக்கும் வேண்டிய உலோகம் ஒன்றே. சுரங்கத்தையும் உலையையும் எண்ணற்றோர் உழைப்பையும் தன் ஆணையில் வைத்திருந்த அரசே அதனைப் பெற முடிந்தது. அவ்வதிகாரத்தின் அச்சந்தரும் முகமாகத் தாவோதியே அமைந்தது எனக் கொள்வது பொருந்தும். ஆதிச்சநல்லூரிலோ கருவியும் படைக்கலமும் இரும்பாலானவை. வெண்கலம் அணிக்கும் கலத்துக்குமே பயன்பட்டது. வெள்ளீயம் தமிழ்நாட்டு மண்ணில் எளிதிற் கிட்டாத பொருளாதலின், அது அரும்பொருளாகவே இருந்திருத்தல் வேண்டும். உற்பத்திக்கு இன்றியமையாத உலோகமாக அது இல்லாமையால், அதனை ஓர் அரசு தன் கைக்குள் அடக்க வேண்டிய தேவையும் எழவில்லை.

இதனால் அச்சமூகம் ஏற்றத்தாழ்வற்றது என முடிவு செய்தல் தவறாகும். மட்பாண்டங்கள் எங்கும் கிடைக்க, வெண்கலக் கலங்களும் பொன் நெற்றிப் பட்டங்களும் சில அடக்கங்களுக்கே உரியவாயிருந்தன. சாவிலும் செல்வம் வேறுபாடு காட்டிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

இருநாட்டுக் கலங்களிலும் விலங்கு உண்டு என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்போரும், தொன்மை ஒன்றையே பெருமையாகக் கொள்வோரும் இக்கேள்விகளைத் தவறவிடுகின்றனர். எவ்வுலோகம், யார் கையில், எவ்வுழைப்பால் என்பனவே முதலில் வினவத்தக்கவை. ஆதிச்சநல்லூரை ஒத்த தாழி அடக்கங்கள் நம் நாட்டின் மேற்குக் கரையிற் பொம்பரிப்பிலும் உள்ளன. 1956இலும் 1970இலும் அங்கு அகழ்வு நிகழ்ந்தது. அவற்றையும் இந்நோக்கில் ஒருங்குவைத்து ஆராய்தல், ஈழத்தின் தொல்சமூகத்தை விளங்கிக்கொள்ளும் முயற்சிக்கு உறுதியான அடித்தளமாகும்.