யார் கேட்கிறார்கள் என்பதுதான் கேள்வி

"பிள்ளைங்க ரொம்ப மனசொடிஞ்சு போறாங்க, ஸ்கூல்ல ஒரு கவுன்சிலர் போடுங்க" என்று பெற்றோர் கேட்டால், பல பள்ளிகளில் ஒரே பதில்தான் வரும்: "எங்க டீச்சர்ஸுக்கே ட்ரெயினிங் கொடுத்துட்டோம்." கூடுதல் செலவில்லை; பிள்ளைகளை நன்றாகத் தெரிந்தவர்களும் அவர்கள்தான். நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் இது வேலை செய்கிறதா? சாஃப்ட்வேர் காரன் புத்தி, யாராவது டெஸ்ட் பண்ணிப் பார்த்திருக்கிறார்களா என்று தேடினேன். பண்ணியிருக்கிறார்கள், அதுவும் பீகாரில்.

நாளந்தா மாவட்டத்தின் 75 அரசு உயர்நிலைப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவில் 'செஹர்' என்ற திட்டத்தை நடத்த வெளியிலிருந்து ஓர் ஆள் வந்தார். உளவியல் நிபுணர் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஆள்தான். இரண்டாவது பிரிவில் அதே திட்டத்தை அந்தப் பள்ளி ஆசிரியரே நடத்தினார். மூன்றாவதில் வழக்கமான அரசு வளரிளம் பருவக் கல்வி வகுப்பு மட்டும். எங்கள் வேலையில் ஏ/பி டெஸ்ட் என்போமே, கிட்டத்தட்ட அதே மாதிரி. அளந்தது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை.

திட்டத்தில் தனி ஆலோசனையும் உண்டு. ஆனால் கவனம் பள்ளிச் சூழல் மேல்தான் இருந்தது: ஆசிரியர்-மாணவர் உறவு, 'இது என் பள்ளி' என்ற உணர்வு, மாணவர்களின் பங்கேற்பு. அதற்காக சுவர்ப் பத்திரிகை, மாணவர் குழுக்கள், மனதில் இருப்பதை எழுதிப் போட ஒரு பெட்டி.

முடிவு 2018இல் லான்செட் இதழில் வந்தது. வெளி ஆள் நடத்திய பள்ளிகளில் சூழல் நன்றாக மேம்பட்டது. மனச்சோர்வு அறிகுறிகள், சீண்டல், வன்முறை எல்லாம் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளிலோ, வழக்கமான வகுப்பு மட்டும் நடந்த பள்ளிகளோடு ஒப்பிட்டால், வித்தியாசமே இல்லை! இரண்டாம் ஆண்டும் தொடர்ந்து பார்த்தபோது வெளி ஆளால் கிடைத்த பலன் இன்னும் கூடியிருந்தது.

ஒரே திட்டம், ஆள் மட்டும் வேறு. ஏன் இப்படி?

ஆசிரியர்கள் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. பாடம், தேர்வு, ரெக்கார்டு வேலைக்கு மேல் இது இன்னொரு சுமை. வெளி ஆளுக்கு இது மட்டுமே வேலை. இன்னொன்று என் ஊகம். அந்தப் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கணக்கு சார் அடிக்கிறார்' என்று ஒரு பையன் எழுதிப் போட வேண்டும் என்றால், பெட்டியைத் திறப்பது யார் என்று முதலில் யோசிப்பான், இல்லையா? மார்க் போடுபவரிடமே மனதைத் திறப்பது நமக்கும் கஷ்டம்தான். மேனேஜரிடம் எத்தனை பேர் உண்மையைச் சொல்கிறோம்?

ஒரு மாவட்டத்து ஆய்வு எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள் என்பதால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நான் கேட்கப்போவது மூன்று கேள்விகள். நீங்களும் கேட்கலாம்:

1. பிள்ளைகள் பேச வேண்டிய ஆள், மார்க் போடாத ஆளா?
2. அவருக்கு இந்த வேலைக்கென்று தனி நேரம் இருக்கிறதா?
3. பிள்ளைகள் சொன்னதை வைத்துப் பள்ளி கடைசியாக எதை மாற்றியது?

மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், ட்ரெயினிங் சான்றிதழ் சுவரில் தொங்குவதில் பிரயோஜனம் இல்லை.